போன வருஷத்துக் கல்யாணம்

மலர்விழிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பினாங்கிலிருந்து, கிள்ளானை அடுத்த மேருவுக்குக் குடிவந்த அன்றைக்கு அது ஒரே வருஷமாகிவிட்டது.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. லோரியிலிருந்து சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்கா தேநீரோடு வந்து நின்றார். நம் சனங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்கிற கேள்வியைக் கேட்டார். "பிள்ளைங்க எத்தனைம்மா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பினாங்கில் மலருக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது. "போன வருஷம்தான்கா கல்யாணம் ஆச்சு" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் கமலநாதன் சற்று நின்றான். பிறகு மெத்தையோடு உள்ளே போனான். தேதி போட்ட கல்யாணப் படத்தை அவன் ஹாலில் மாட்டவில்லை, படுக்கையறை அலமாரிக்குள் வைத்துவிட்டான்.

"புதுசா! மெதுவா பெத்துக்கலாம்லா, என்ன அவசரம்?" என்று சிரித்தார் அக்கா. சொந்தபந்தம் மொத்தமும் அவசரப்படுத்திய பிறகு, அவசரமில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகவே மலருக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவசரம் எவ்வளவு என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும்தான் தெரியும். பினாங்கு மருத்துவமனையில் இரண்டு தடவை கரு வைத்தும் தங்கவில்லை. இனிக் கருமுட்டை எடுப்பது சிரமம் என்றும் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கரு, உறைய வைத்துப் பத்திரப்படுத்தியது. மேரு தொழிற்சாலைக்குக் கமலநாதனுக்கு மாற்றல் வந்தபோது அதை மட்டும் அங்கே விட்டுவிட்டா வர முடியும்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் பதிந்து, கேட்ட தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு, அதையும் வரவழைத்தார்கள். நைட்ரஜன் கலனுக்குள், ஒரு வேனில், அது நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்த நாளில் மலர் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"ஈப்போ தாண்டியிருக்குமாங்க?"

"தாண்டியிருக்கும்லா. அதுக்குச் சாப்பிட நிறுத்தணுமா, பாத்ரூமுக்கு நிறுத்தணுமா? நம்மளவிட சீக்கிரமா வந்துரும்" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். அதற்குள் அதைப் பிள்ளையாகவே பேசப் பழகியிருந்தார்கள். பழகாதே என்று டாக்டர் சொன்னால் மட்டும் மனசு கேட்குமா?

புது டாக்டர் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். எத்தனை வருஷம், எத்தனை தடவை, எத்தனை நாளில் போனது. பொய் சொல்ல முடியாத ஒரே இடம் அதுதான். கிள்ளானில் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, வாரத்துக்கு இரண்டு தரம் போனாள். எங்கே போகிறாய் என்று கேட்ட அக்காவிடம் கேக் வகுப்பு என்றாள். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வேண்டியிருந்தது. கற்றதைக் காட்டச் சொல்வாரே என்று யூடியூப் பார்த்து ஒரு கேக்கும் செய்து கொடுத்தாள். நடுவில் வேகாத அந்தக் கேக்கை அக்கா நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டார்.

கரு வைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனை. பதினோராம் நாள் அக்காவின் மகளுக்கு வளைகாப்பு வந்தது.

மலர் வளைகாப்புகளுக்குப் போவதை விட்டு நாளாகியிருந்தது. பினாங்கில் நாத்தனாரின் வளைகாப்பில், வளையல் தட்டு அவளுக்கு இடப்பக்கம் இருந்தவளிடமிருந்து வலப்பக்கம் இருந்தவளுக்குப் போனது. நடுவில் அவள் இல்லாத மாதிரி. யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, தட்டு மட்டும்தான் தாண்டிப் போனது. ஆனால் இங்கே அக்கா கூட்டத்தின் நடுவில் நின்று, "மலர், நீ வா முதல்ல. புதுப்பொண்ணு கை ராசியான கை!" என்று கூப்பிட்டார். மலர் போனாள். அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசி, வீங்கிய கையில் பச்சை வளையலை மெல்ல ஏற்றினாள். பார்த்துக்கொள், உனக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று தன் வயிற்றுக்குள் இருந்ததிடம் சொல்லிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது.

மறுநாள் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியானம் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "சாரி அக்கா. இந்தத் தடவை நெகட்டிவ்."

இந்தத் தடவையாம். இனித் தடவை ஏது?

கமலநாதனிடம் போனில் சொன்னாள். உடனே வருகிறேன் என்றான். அவள் பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து பார்த்த தனலெட்சுமி அக்கா பதறிக்கொண்டு சுற்றி வந்தார். "என்னம்மா? வீட்டுக்காரர் ஏதும் சொன்னாரா?"

"பிள்ளை தங்கலக்கா."

"ஐயோ!" அக்கா அவளை அணைத்துக்கொண்டார். "அழாதம்மா. ஒரு வருஷம்தானே ஆச்சு? அடுத்தது கண்டிப்பா நிக்கும்லா."

அந்த ஆறுதலைத்தான் மலரால் தாங்க முடியவில்லை. "ஒன்பது வருஷம்கா" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. பினாங்கு, வேன், கேக் வகுப்பு, கடைசிக் கரு, எதையும் மிச்சம் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே அக்காவும் அழுதார். அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை ஓரிடத்தில் நின்றது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. நேத்து முதல் வளையல்..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொன்னது தன் காதிலேயே விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மலருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள்.

"உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. பிள்ளை நல்லபடியா பிறக்கும். பயப்படாதீங்க."

தன் பிள்ளை இல்லை என்று தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்காவின் அழுகை நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.