பெயர் எழுதாத கொப்பி

என் கையெழுத்து அழகாக இருக்கும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பிராவைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள், வேலை முடிந்து வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நாளைக்குப் பிள்ளைகளின் நிறை பார்க்கிறோம், மறுநாள் தடுப்பூசி என்று துண்டுத் தாள்களில் எழுதி தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றுக்கும் அனுப்புவதும் என் வேலைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்தவுடன் "இது டீச்சர் எழுத்து" என்பார்கள்.

பதுளையில் இருந்து இயற்கை ஆர்வலர் குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துக்குப் பறவை பார்க்க வரும். வழி காட்ட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், போனேன். ஆறு நாளும் பிள்ளைகளின் அழுகையைக் கேட்ட காதுக்கு அது சுகமாக இருந்தது. பைனாகுலரை என் கையில் கொடுத்தபோது, இத்தனை வருஷம் தினமும் பார்த்த குருவிகளுக்கெல்லாம் பெயர் இருந்ததே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு மாதம் கழித்து நானும் அந்தக் குழுவில் ஒருத்தி. பச்சைத் தொப்பி ஒன்றும் தந்தார்கள். என் புருஷன் அதைப் பார்த்துவிட்டு, "இனி ஒன்னயக் கையில பிடிக்க முடியாது" என்று கேலி செய்தார்.

குழுவின் தலைவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பம். அவருடைய தாத்தாவும் என்னுடைய தாத்தாவும் இந்தியாவில் இருந்து வந்தவர்கள்தான். "நாங்க கடைக்குப் போனோம், நீங்க மலைக்கு வந்தீங்க, அவ்வளவுதாங்க வித்தியாசம்" என்று சிரிப்பார். எங்கள் ஆள் என்று நினைத்தேன். மடச்சி.

சிறுத்தையை நான் பார்த்தது ஒரு ஞாயிறு விடிந்தும் விடியாத நேரம். தோட்டத்தில் தேயிலை நிலத்தை மலை என்றுதான் சொல்வோம், ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. பதினோராம் நம்பர் மலையில் பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்திருந்தது. இடது காதில் ஒரு துண்டு இல்லை. வேலைக்குப் பிந்தி வந்தவர்களைக் கணக்கப்பிள்ளை பார்ப்பதுபோல எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு எழுந்து, அவசரமே இல்லாமல் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அன்றில் இருந்து காதறுந்தவள் என் ஆள்.

அவளுக்கு எமன் சுருக்குக் கம்பி. லயத்து ஆட்கள் மலை ஓரத்தில் கொஞ்சம் நிலத்தில் கிழங்கு, கோவா என்று காய்கறி போடுவார்கள். காட்டுப்பன்றி ஒரே இரவில் எல்லாவற்றையும் கிளறிவிடும். அதற்காகப் பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டுப் பன்றி வரும் வழியில் கட்டி வைப்பார்கள். பன்றி மாட்டும், சில நாள் சிறுத்தையும் மாட்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒன்று அப்படித்தான் இடுப்பில் கம்பி இறுகிச் செத்தது.

ஏழாம் லயத்து அக்காவிடம் முதலில் பேசினேன். அவளுடைய கடைசிக் குழந்தை என்னிடம்தான் வளர்கிறது. அவள் புருஷன்தான் சுருக்குக் கட்டுவதில் கெட்டிக்காரர்.

"டீச்சர், ஒங்களுக்குப் புலி முக்கியமா, எங்க கெழங்கு முக்கியமா?" என்று கேட்டாள். லயத்தில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர்.

"ரெண்டும்தான் அக்கா. சுருக்கு வச்ச எடத்த மட்டும் சொல்லுங்க. நாங்களே வந்து கழட்டிர்றோம். பன்னிக்கு வேலி போட சேர் ஒதவி எடுத்துத் தர்றேங்கிறாரு."

"பொலிசுக்குப் போச்சுன்னா?"

"போகாது. நான் பொறுப்பு."

என் வார்த்தை மட்டும் லயத்துக்குப் போதவில்லை. சேரும் வந்து முனியாண்டி முன்னால் சத்தியம் பண்ணட்டும் என்றார்கள். எங்கள் வழக்கம் அது. கையெழுத்தைவிட, முத்திரையைவிட எங்களுக்குக் கற்பூரம் பெரியது. மரத்தடியில் நிற்கும் முனியாண்டிக் கல்லுக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை கற்பூரம் ஏற்றினோம். "யாரு பேரும் எங்கேயும் போகாதுங்க, இந்தச் சாமி சாட்சி" என்று சொல்லிச் சேர் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். பார்த்துக்கொண்டிருந்த ஆட்களின் முகம் இளகிவிட்டது. ஒவ்வொருவராக வந்து இடத்தைச் சொல்லச் சொல்ல, நான் கொப்பியில் எழுதினேன்.

பெயர் ஒன்றுகூட எழுதவில்லை. அதில் நான் வெகு கவனம். எழுதியது இப்படி: பதினோராம் நம்பர் மலை, ஓடைக்கு மேலே, ஏழாம் லயத்து நாலாம் காம்பிராவின் கிழங்குத் தோட்டத்துக்குப் பின்னால்.

இதைப் படித்து உங்களுக்குச் சிரிப்பு வரலாம். லயத்தில் ஒரு அறைதான் ஒரு காம்பிரா, அதில் ஒரு குடும்பம். எங்கள் தோட்டத்தில் இடம் சொல்வது அப்படித்தான். பிள்ளைகளின் பதிவிலும் லய நம்பர், காம்பிரா நம்பர் என்றே எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. பெயரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கும் உறைக்கவில்லை, சுற்றி நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்த சேருக்கு மட்டும் உறைத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பாதிச் சுருக்குகளைத்தான் கழற்றினோம். மழை வந்துவிட்டது. அக்காவின் புருஷன், மிச்சத்தைத் தானே கழற்றிவிடுவதாகச் சொன்னார். சேர் தடுத்தார். "நீங்க தொடாதீங்க. அடுத்த ஞாயிறு நாங்களே முறையா படம் எடுத்துக் கழட்டுறோம்." நானும் அவரிடம், "சேர் சொல்றாரில்ல, விடுங்க அண்ணே" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிறு வரவில்லை. அதற்கு முன்னால் வியாழக்கிழமை வனவிலங்குத் திணைக்கள ஜீப் வந்தது. அதிகாரிகள் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேரே பதினோராம் நம்பர் மலைக்குப் போனார்கள், கம்பியைப் படம் எடுத்தார்கள், நேரே ஏழாம் லயத்து நாலாம் காம்பிராவுக்கு வந்தார்கள். சத்தம் கேட்டுப் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அக்காவின் புருஷனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் கையில் ஒரு தாள். என் கொப்பியின் போட்டோ கொப்பி. என் அழகான எழுத்துக்குக் கீழே, வரிக்கு வரி, வேறு பேனாவால் சிங்களத்தில் எழுதியிருந்தது. அந்த எழுத்தும் எனக்குத் தெரியும். பறவைப் பட்டியலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அக்காவின் புருஷன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"இது ஒங்க எழுத்துத்தானே டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணே" என்றேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சேர் கடையில்தான் இருந்தார். "வாங்க வாங்க" என்று நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்தார்.

"சத்தியம் பண்ணினீங்களே சேர்."

"நான் யாரு பேரையுமே குடுக்கலையேங்க. நீங்க எழுதினதத்தானே குடுத்தேன். கம்பி இருக்கிற எடத்தக் கண்ணால காட்டினாத்தான் மேல இருக்கிறவங்க நம்ம குழுவ மதிப்பாங்க. இல்லாட்டி நம்ம வெறும் குருவி பாக்கிற கூட்டம்தான்."

"அவரு கழட்டுறேன்னுதானே சொன்னாரு?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். பண்டாரவளையில் நடந்த இயற்கை ஆர்வலர் கூட்டத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாராம். என் முழுப் பெயரும் தங்க எழுத்தில் இருந்தது. இந்த விஷயம் முழுவதிலும் பெயர் எழுதப்பட்ட ஒரே ஆள் நான்தான். பிளேன்டீயைத் தொடவில்லை. சான்றிதழையும் பச்சைத் தொப்பியையும் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவர்மேல் இருந்த ஆத்திரத்தைவிட, அவரை லயத்துக்குக் கூட்டி வந்த என்மேல் இருந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

அக்காவின் புருஷன் பிணையில் வந்தார். வழக்கு இன்னும் இழுக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் வேலையை விட்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். நடந்ததை எல்லாம் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். யாரும் ஏசவில்லை. தாய்மார் வழக்கம்போலக் காலையில் வந்தார்கள், பிள்ளைகளை என் கையில் தந்தார்கள். முன்பெல்லாம் வாசலில் நின்று புருஷன் குடித்தது, மாமியார் முறைத்தது, பன்றி வந்தது என்று எல்லாக் கதையும் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். இப்போது பிள்ளையைத் தந்தார்கள், பேச்சைத் தரவில்லை.

சுருக்குகளும் திரும்பி வந்தன என்று நினைக்கிறேன். எங்கே என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் நம்பர் மலையில் சிறுத்தை செத்துக் கிடப்பதாக ஒரு பேச்சு அடிபட்டது. மத்தியானம் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்காம்பிராவில் இருந்து பத்து நிமிஷ நடைதான். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தாள். கம்பி வயிற்றை அறுத்திருந்தது, சுற்றிலும் தேயிலைத் தூர்களைக் கடித்துக் குதறியிருந்தாள். இடது காதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சாயந்தரம் அக்கா பிள்ளையைத் தூக்க வந்தாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"நேத்துக் காலையிலயே கண்டுட்டோம் டீச்சர். அப்ப உசுரோடதான் இருந்துச்சு. சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு."

"நேத்து நீங்க இங்க வந்தீங்களே அக்கா. பிள்ளையக் குடுத்தீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா மிருக வைத்தியரக் கூப்பிட்டிருப்பேனே."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் அதன் மூக்கைத் துடைத்தாள்.

"சொல்லலாம்னுதான் பிள்ளையக் குடுத்துட்டு வாசல்லயே நின்னேன் டீச்சர். நீங்க மேசையில ஒக்காந்து என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீங்க. அதான் பேசாமப் போயிட்டேன்."

பிள்ளைகளின் வரவுப் பதிவைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.