அப்பா அனுப்பிய ஊர்

பழப்புளியும் ஈர மணலும் வெள்ளியும் ஒன்றாய்த் தேய்படும்போது எழுகிற புளித்த வாடை ஒன்று உண்டு. மாதா திருவிழா நெருங்கும் நாட்களில், உட்துறைமுகத்தை அண்டியிருந்த எங்கள் வீட்டுச் சமையலறையான 'குசினி'யில், அது என் விரல்களை விட்டுப் போகவே போகாது. கோயில் பீடத்துப் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பாக இருந்தது. அவற்றோடு சேர்த்து மினுக்கச் சொல்லி, அம்மா 'அலுமாரி'யிலிருந்து ஒரு வெள்ளிக் காசையும் எடுத்துத் தருவார்.

அது அப்பா அனுப்பிய காசு. துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பா, எனக்கு ஏழு வயதானபோது ஒரு கப்பலிலேயே வேலைக்கு ஏறிப் போய்விட்டார். பல மாதங்கள் கழித்து, மாலுமிகள் சிலரிடம் கைமாறி, துறைமுகக் காவலாளி மூலம் அந்தக் காசு வந்து சேர்ந்தது. சுற்றியிருந்த தாளில் அப்பாவின் கோணல் எழுத்து: "கரையில வேலை கிடைச்சு இறங்கிட்டன். ஊரின்ட பேர் என்ட வாயில நுழையுதில்லை, காசில இருக்கு. விலாசம் பிறகு எழுதுறன்."

பிறகு ஒன்றும் வரவில்லை.

காசின் ஒரு பக்கத்தில் கோபுரங்களும் பாய்க்கப்பலும் இருந்தன. மறுபக்கத்தில் 800 என்ற இலக்கம், அதைச் சுற்றி நாங்கள் கண்டிராத எழுத்துகள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பங்குச் சுவாமியாரிடம் போனார். "எண்ணூறு எண்டு போட்டிருக்கு பிள்ளை. ஊர் தொடங்கி எண்ணூறு வருசம் ஆனதுக்கு அடிச்ச ஞாபகக் காசாக்கும். ஆனா இது இங்கிலீசும் இல்லை, லத்தீனும் இல்லை. எனக்கு வாசிக்க ஏலாது. வெளிநாட்டுக் கப்பல்காரர் ஆரும் வந்தா கேட்பம்" என்றார் அவர். அதற்குள் சண்டை மூண்டது. துறைமுக வாசல் எங்களுக்கு அடைபட்டது.

அந்த எழுத்துகளைப் பார்த்து ஒரு 'கொப்பி'யில் வரைந்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு மடையர்களாக இருந்திருக்கிறோம்! "கடதாசி எண்டா கறையான் தின்னும். வெள்ளி எங்க போகப்போகுது?" என்பார் அம்மா.

முதலில் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத்தான் மினுக்கினோம். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. புல்மோட்டைக்கு மீன் வாங்கப் போய்வந்த மாமா, ஒருமுறை அந்தக் கரையின் கறுப்பு மணலைப் பை நிறையக் கொண்டுவந்தார். நான்கு இழுப்பில் பித்தளை பளபளத்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "காசையும் நல்லா உரஞ்சு பிள்ளை. மாதாட சாமானோட சேர்ந்து மினுங்கினா அப்பாட செய்தி வரும்" என்றார். நானும் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவருகிறவள் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உரஞ்சினேன். வருடத்துக்கு வருடம் உரஞ்சினேன். முதலில் பாய் போனது, பிறகு கோபுரங்களின் நுனிகள் போயின. அழுக்குப் போகிறது என்றே நாங்கள் நினைத்தோம்.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த என் மகள், காசைப் படமெடுத்தால் எந்த ஊரென்று கைத்தொலைபேசியே சொல்லிவிடும் என்றாள். ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். வெயிலில் வைத்தும் கறுப்புத் துணியில் வைத்தும் திருப்பித் திருப்பிப் படமெடுத்தாள். இதைப் போன்றவை என்று தொலைபேசி, சட்டைப் பொத்தான்களையும் கைக்கண்ணாடிகளையும் காட்டியது. "இதில எழுத்து எங்கயம்மா?" என்று கேட்டாள். ஒரு பூச்சியத்தின் பாதி மட்டும் கிடந்தது. அந்த எழுத்தை அழித்தது என் கை.

மாமாவும் அந்தச் சுவாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவின் தாள் இடம்பெயர்ந்து ஓடியதில் தொலைந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் இப்போது வருகின்றன. கேட்க ஆளிருக்கிறது, காட்ட எழுத்தில்லை.

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா, "எந்த ஊராம்?" என்று கேட்டார். அவருக்கு இப்போது கண் தெரியாது. காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பெருவிரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"நல்ல வழுவழுப்பா வச்சிருக்கிறாய்" என்றார். "திருவிழா வருகுது. இந்த முறையும் மறந்துபோகாமல் மினுக்கு."

"ஓம் அம்மா" என்றேன்.