மாணிக்கவாசகத்தின் மேலுதடு

ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, "அப்துல், ரெண்டு கோப்பி போடுப்பா," என்கிறார் மாணிக்கவாசகம். கடைக்குப் புதிதாக வந்த ஆள் ஒரே ஒரு கோப்பியைக் கொண்டுவந்து வைக்கிறான். காஜா பெராங் சாலைக் கோப்பிக்கடையில் ஆள் மாறும்போதெல்லாம் நடக்கிற கூத்து இது. கடைக்கார அப்துல் அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவார்: "டேய், அது கணக்கு இல்லடா! சார் தமிழ்ல பேசப் போறாருன்னு அர்த்தம்!"

ஒரு விரல் என்றால் தமிழ். இரண்டு விரல் மலாய், மூன்று விரல் ஆங்கிலம். வாய் திறப்பதற்கு முன்னால் விரல் எழும்பிவிடும். கோயிலில் குருக்களிடம் நட்சத்திரம் சொல்லும்போதும் அப்படித்தான். மனைவி சிவகாமசுந்தரிக்கு இதில் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. "எங்கிட்ட என்ன மலாயிலயா கொஞ்சப் போறீங்க? விரலை மடக்குங்க முதல்ல!" என்பார்.

இன்னொரு கோளாறும் உண்டு. நடந்துகொண்டே பேச மனிதருக்கு வராது. பேச்சு வந்தால் நிற்பார், திரும்புவார், நம் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து ஒவ்வொரு சொல்லாக உதிர்ப்பார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு அவரோடு புறப்பட்டவர்கள் பூசை முடிந்து நடை சாத்திய பிறகுதான் போய்ச் சேருவார்கள்.

பகலில் அவருக்கு அரசாங்க வண்டிப் பட்டறையில் மேற்பார்வை வேலை. மாலையில் தொழிற்கல்வி வகுப்பில் மோட்டார் எஞ்சின் பாடம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் எடுப்பார், ஏனென்றால் வகுப்பில் எல்லா இனத்தாரும் இருப்பார்கள். இந்தப் பழக்கங்களெல்லாம் ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் அவருக்கு ஒரு மீசை இருந்தது. அடேயப்பா, அது மீசையா! கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்தது. மேலுதட்டை முழுதாக மூடி, கீழுதட்டிலும் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோப்பி குடிக்கும்போது ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொள்வார்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த மறு வருஷம் சிஹாபுதீன் வகுப்பில் சேர்ந்தார். பஸ் கம்பெனிப் பட்டறையில் எஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கும் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எதையும் புரிந்துகொள்வார். தேர்வில் தேறினால் மெக்கானிக் ஆகலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மண்ணெண்ணெய்தான்.

காது கேட்காது என்று தெரிந்ததும் மாணிக்கவாசகம் என்ன செய்தார் தெரியுமா? கத்தினார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்து அறையில் தட்டெழுத்துப் படித்தவர்கள் வந்து முறையிடும் அளவுக்குக் கத்தினார். அவ்வளவு சத்தத்திலும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர் சிஹாபுதீன் ஒருவர்தான்.

ஒரு மாலை அவர் எழுந்து நின்றார். "நான் வகுப்பை விட்டு நின்னுக்கிறேன் சார்."

"ஏன் தம்பி? படமெல்லாம் அருமையா போடுறீங்களே?" என்றார் வாத்தியார். பக்கத்தில் இருந்தவர் அதை நோட்டில் எழுதிக் காட்டினார்.

"படத்தைப் பாத்தாப் புரியுது சார். நீங்க சொல்றதுதான் புரியல. பாதி நேரம் உங்க முதுகு பேசுது. திரும்பினா மீசை பேசுது. அது தமிழா மலாயான்னும் தெரியல. உதட்டை நான் எங்க போய்த் தேடுறது?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மாணிக்கவாசகத்தின் முகம் கறுத்துவிட்டது. சாக்குக்கட்டியை எடுத்தார். "நாளைக்கு வாங்க" என்று மட்டும் கரும்பலகையில் எழுதினார்.

மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் கத்தியோடு நின்றபோது அவருக்குக் கண் கலங்கத்தான் செய்தது. மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம் ஒரே மூச்சில் வழித்துவிட்டார்.

கோப்பியோடு வந்த சிவகாமசுந்தரி அந்த முகத்தைப் பார்த்ததும் அலறினார். "ஐயையோ! மாமாவுக்கு என்னாச்சு?" நம் ஆட்களில் தகப்பன் போனால்தானே மகன் மீசையை எடுப்பான்! அலறல் கேட்டு அடுத்த வீட்டுக் கம்போங் செட்டி ராஜரத்தினம் தோளில் துண்டோடு ஓடிவந்து, வீட்டிலும் மலாயே பேசுகிற அந்தச் செட்டிமார் வழக்கப்படி, "சியாப்பா மாத்தி?" என்றார். யார் செத்தது என்று மாணிக்கவாசகத்துக்கே தெரியாதபோது அவர் என்ன பதில் சொல்வார்! மத்தியானத்துக்குள் சேதி, மகள் வீட்டிலிருந்த தகப்பனாரையே எட்டிவிட்டது. புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ் பிடித்து வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்: "டேய், நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்டா! யாரைக் கேட்டுடா மீசையை எடுத்த?"

அன்று மாலை மாணிக்கவாசகம் வகுப்புக்கு வந்து, சிஹாபுதீனுக்கு நேராகத் திரும்பி நின்று, "கார்புரேட்டர்," என்றார். சிஹாபுதீனுக்கு வாயெல்லாம் பல். "தெரியுது சார், தெரியுது!" எந்த மொழிக்கு எத்தனை விரல் என்பதும் சிஹாபுதீன் சொன்ன யோசனைதான். அதற்குப் பிறகு படம் போடும்போது வாத்தியார் வாய் திறப்பதில்லை, போட்டு முடித்துத் திரும்பித்தான் பேசுவார். பின்வரிசைக்காரர்கள், இப்போதுதான் எங்களுக்கும் பாடம் விளங்குகிறது என்றார்கள்.

தேர்வில் நேர்முகக் கேள்வியும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தேர்வாளர் வாயில் புகையிலைச் சுங்கானைக் கவ்விக்கொண்டு, புகைக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுத்தார். சிஹாபுதீன் விழித்தார். தேர்வாளர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே நின்ற மாணிக்கவாசகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். 'போச்சு, எல்லாம் போச்சு' என்று முனகினார்.

சிஹாபுதீன் மூன்று விரலை உயர்த்தினார். தெரிந்த ஆங்கிலத்தில், "ஐயா, நான் வாயைப் பார்த்துத்தான் கேட்கிறவன். தயவுசெய்து சுங்கானை எடுங்கள்," என்றார். தேர்வாளர் திகைத்துப்போய்ச் சுங்கானை மேசைமேல் வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேள்வியை நிதானமாகத் திரும்பக் கேட்டார். அதற்கப்புறம் சிஹாபுதீனை நிறுத்துவதுதான் அவருக்குக் கஷ்டமாகிவிட்டது.

முடிவு வந்த அன்று சிஹாபுதீன் பட்டறையிலிருந்து அப்படியே ஓடிவந்து, மசகு அப்பிய கையோடு வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். அந்த வெள்ளைச் சட்டையைச் சிவகாமசுந்தரி எத்தனை முறை துவைத்தும் கறை போகவில்லை. "இனிமேலாவது மீசையை வளருங்க. வீட்டுக்குள்ள யாரோ அந்நிய ஆம்பள நடமாடுற மாதிரி இருக்கு," என்றார். மாணிக்கவாசகத்துக்கும் அந்த ஆசைதான். இந்தத் தடவை மீசை பாதி வெள்ளையாக முளைத்தது. அதனாலென்ன? கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் நின்று தடவிக்கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிஹாபுதீன் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். "சார், இவங்க கோகிலா. அப்பாவோட சைக்கிள் கடையில ரிப்பேர் வேலை இவங்கதான் பாக்கிறாங்க. காது என்னைப் போலத்தான். உங்க வகுப்புல சேரணுமாம்."

மாணிக்கவாசகம் மகிழ்ச்சியோடு ஒரு விரலை உயர்த்தி, "வாம்மா, உட்காரு," என்றார். கோகிலாவின் கண்கள் அவர் முகத்தில் எதையோ தேடின. மூக்குக்குக் கீழே வந்து நின்றன. தேடியது அகப்படாமல் சிஹாபுதீனைத் திரும்பிப் பார்த்தாள்.

மாணிக்கவாசகம் சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் இரு என்று மறு கையால் சைகை காட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூடவே சிவகாமசுந்தரியின் குரலும் கேட்டது: "ஐயோ, மறுபடியுமா! முதல்ல மாமாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடுங்க!"

திரும்பி வந்தவர் நாற்காலியைக் கோகிலாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கின் கீழே கொஞ்சம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவும் மறந்து, ஒரு விரலை உயர்த்தினார்.