செயல்முறை ஏழும் சுழலாத சிறுகோளும்

1. கையெழுத்துக் கட்டம்

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. கோலா சுங்கை பாருவுக்கு அருகே, கடலைப் பார்த்த மேட்டில் இருந்தது எங்கள் வானாய்வுக் கூடம். அங்கே நான் சரிபார்ப்பு அலுவலர். 'செயல்முறை பின்பற்றப்பட்டது' என்று அச்சிட்ட கட்டத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதை இருபது ஆண்டுகள் குறையில்லாமல் செய்திருந்தேன்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் திரியும் ஒரு கற்பாறையைப் பற்றியது அறிக்கை. இந்தக் கற்கள் உருளைக்கிழங்கு மாதிரி கோணல் வடிவம். சுழலும்போது அகன்ற பக்கம் தெரிந்தால் ஒளி கூடும், ஒடுங்கிய பக்கம் தெரிந்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை வரைந்தால் லைட்கர்வ். பெரும்பாலானவை சில மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். இந்தக் கல்லின் வரைபடமோ மேசை விளிம்பு போல நேராக இருந்தது. ஐந்து வாரத்தில் மேகம் விட்டுக்கொடுத்த பதினான்கு இரவுகள். முடிவு, 'ஒளி மாற்றம் இல்லை'.

எழுதியவர் லெட்சுமி. நாற்பது வயது, ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. இயக்குநர் டாக்டர் ஞானசேகர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பதினாலு ராத்திரி டெலஸ்கோப்ப ஓட்டி ஒண்ணுமே இல்லன்னா, அதுக்கு உம்பாய் கடற்கரைக்குப் போயி ஈக்கான் பாக்கார் மீனு சுடச்சுடச் சாப்பிட்டிருக்கலாம்லா. கான்ட்ராக்ட் ரினியூ பண்ண மேலிடத்துக்கு நான் என்னத்தக் காட்டுறது?"

"இன்னும் ஒரு வாரம் குடுங்க டாக்டர்," என்றார் லெட்சுமி.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

2. செயல்முறை ஏழு

எட்டு ஆண்டுகளுக்கு முன் செயல்முறை ஏழு என்ற விதியை எழுதியவன் நான். சிறுகோள் ஒவ்வொரு இரவும் இடம் மாறும். அதனால் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நட்சத்திரங்களும் மாறும். ஓர் இரவின் எண்கள் ஓர் உயரத்திலும், அடுத்த இரவின் எண்கள் வேறோர் உயரத்திலும் நிற்கும். வரைபடம் உடைந்த படிக்கட்டு மாதிரி இருக்கும். ஆகவே, 'ஒவ்வோர் இரவின் சராசரியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருக' என்று எழுதினேன். படம் அழகாக வந்தது. அழகான படத்தை எந்த இயக்குநரும் திருப்பி அனுப்பியதில்லை.

மறுநாள் காலை லெட்சுமி மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் முந்தி கையுறை பேக்டரியில கியூசி-ல, தரம் பாக்குற வேலையில இருந்தேன்."

"தெரியும். உங்க பைல்ல இருக்கு."

"அங்க ஒவ்வொரு ஷிப்டுக்கும் மிஷின ஸீரோ பண்ணுவாங்க. ஒரு ஷிப்டுக்குள்ள பாத்தா தடிமன் ஓகே. பத்து நாளு கழிச்சு பாத்தா கையுறை பிளாஸ்டிக் பை மாதிரி மெலிஞ்சு போயிருக்கும். ஒருத்தருக்கும் தெரியல, ஏன்னா தெனம் ஸீரோ பண்ணிட்டோம்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததில் மகிழ்ச்சி இல்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து, ஒப்பீட்டு நட்சத்திரங்களின் ஒளி அளவை ஒரே பட்டியலிலிருந்து எடுத்து, பதினான்கு இரவுகளையும் பூஜ்யமாக்காமல் அடுக்கினோம். புள்ளிகள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. கல் ஒரு தடவை சுற்றப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. ஓர் இரவில் அதன் மாற்றம் எங்கள் அளவைப் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது. மீதி மாற்றத்தைச் செயல்முறை ஏழு துடைத்துவிட்டது.

3. வெள்ளிக்கிழமை

"'கூடுதல் ஆய்வு செய்யப்பட்டது'ன்னு மட்டும் போடுங்கண்ணே," என்றார் லெட்சுமி. "உங்க பேரு வேணாம். போற நேரத்துல எதுக்கு?"

அலுவலக மொழியில் இப்படி வசதியான சொற்றொடர்கள் நிறைய உண்டு. சிலவற்றை நானே உருவாக்கியிருக்கிறேன். ஆனால் அப்படி எழுதினால், செயல்முறையை மீறியவர் லெட்சுமி என்றாகும். ஒப்பந்தத்தை முடிக்க அதுவே போதும். செயல்முறை தவறு, அல்லது லெட்சுமி தவறு. மூன்றாவது வழி இல்லை. கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு, செயல்முறை ஏழே தவறு என்று ஒரு பக்கக் குறிப்பாணை எழுதி இணைத்தேன்.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார்.

"மிஸ்டர் மணியம், இந்த ஏழாம் நம்பர் நீங்க எழுதுனதுதானே?"

"ஆமா டாக்டர்."

"எட்டு வருஷமா இத யாருமே பாக்கலயா?"

"பாத்தோம் டாக்டர். கோடு நேரா இருந்துச்சு. எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு."

"அப்ப பழைய பைல்ல 'மாற்றம் இல்ல'ன்னு போட்டதெல்லாம்?"

"ஒம்பது கல்லு. எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

"யாரு பாக்குறது? நீங்க மூணு மாசத்துல போயிருவீங்க."

"லெட்சுமி பாப்பாங்க. அதுக்கு அவங்க இங்க இருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒப்பந்த ரினியூ படிவத்தைக் கேட்டார். இரண்டு ஆண்டு என்று நிரப்பினார். என்னைப் பார்க்காமலே, "உங்க பேர்வெல் ஸ்பீச்சுல இத சொல்ல வேணாம்லா," என்றார். சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. ஒரு செயல்முறை உங்கள் தொல்லையை நீக்கினால், நீக்கியதைத் தூக்கி எறியாதீர்கள். தனிக் கோப்பில் வைத்து மாதம் ஒரு முறை பாருங்கள். நான் விடைபெறுவதற்குள் அந்த ஒன்பதில் நான்கு கற்கள் சுழல்வதாகத் தெரிந்துவிட்டது. அவை எப்போதுமே சுழன்றுகொண்டுதான் இருந்தன. எட்டு ஆண்டுகளாக அவற்றை நிறுத்தி வைத்திருந்தது என் கையெழுத்து.