கூட்ட நெரிசலில் விழுந்த கிட்டார்

ரெஜிலாவுக்கு எதைப் பார்த்தும் லேசில் அருவருப்பு வராது. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை. ஊராருடைய மலமும் மூத்திரமும் சளியும் காலையில் அவள் மேசைக்குத்தான் வரும். அதையெல்லாம் பார்த்து முடித்து, கையைக் கழுவிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிடுகிறவள். அப்படிப்பட்டவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, சொந்தத் திருச்சபைக் கோயிலின் ஸ்டோர் ரூமில்.

கோயிலைப் பெருக்கும் நேசம்மாள்தான் போன் பண்ணிக் கூப்பிட்டாள். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையாக வந்த கோழிகளை அந்த அறைக்குள் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏலம் முடிந்து கோழிகள் போய்விட்டன. அவை விட்டுப்போனதை அள்ளக் கதவைத் திறந்தபோது, கிழிந்த பாய்களுக்கு நடுவே ரெஜிலாவின் எலக்ட்ரிக் கிட்டார் கிடந்தது. கழுத்து முறிந்து, தலை வெறும் கம்பிகளில் தொங்கியது. உடம்பில் ஒரு ஓரம் சிதறிப் போயிருந்தது. கறுப்புப் பூச்சின் மேல் முழுக்கக் கோழி எச்சம். ஒயர் சொருகும் ஓட்டை வழியாக எலி பஞ்சைத் திணித்துக் குடித்தனம் நடத்தியிருந்தது.

"ஏட்டி, எடுத்துட்டுப் பெய்ரு. நான் ஒண்ணும் பாக்கல்ல" என்று நேசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தன் பொருளைத் தானே திருடிக்கொண்டு போகிற நிலைமை ஒருத்திக்கு வருமா? அந்தச் சபையில் வரும். ஜூன் மாதம் கமிட்டித் தேர்தல் நடந்தது. நெடுங்காலமாகச் செயலாளர் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்த யேசுரத்தினம் ஒரு பக்கம். ரோடு காண்டிராக்ட் எடுக்கும் ஜெனித் மறுபக்கம். கோயிலுக்குள்ளேயே ஓட்டு எண்ணினார்கள், கோயிலுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். ஞானப்பாட்டுப் புத்தகங்கள் பறந்தன, நாற்காலிகள் பறந்தன. பாடகர் குழு இருக்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கக் குனிந்த ரெஜிலா நிமிர்ந்தபோது, ஸ்டாண்டில் கிட்டார் இல்லை. ஆட்களின் தலைக்கு மேல் அது போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு சத்தம். எந்தக் கை அதை ஓங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு கோஷ்டியும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. உடைத்தது அவர்கள் என்று இவர்களும், இவர்கள் என்று அவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் நல்ல ஒற்றுமை இருந்தது: கிட்டாரை யாரும் பழுது பார்த்துவிடக் கூடாது, அது சாட்சி.

கேட்கப் போனவளிடம் யேசுரத்தினம் தேனாகத்தான் பேசினார். "மக்கா, கேஸ் முடியட்டு. ஒடஞ்சது ஒடஞ்சபடி கெடந்தாத்தான் நமக்குப் பலம், கேட்டியா?" ஜெனித்தும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைத்தான் சொன்னான்.

நமக்காம். முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய கிட்டார் அது. பெண்கள் பாடினால் போதும் என்றிருந்த குழுவில், பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றதற்கு அன்று எத்தனை முகங்கள் கோணின. அவள் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிறவள் அல்ல. அந்தக் கோயிலில் அவளுக்குச் சொல்ல இருந்ததை எல்லாம் அந்த ஆறு கம்பிகளில்தான் சொல்லி வந்தாள். அதைப் பிடுங்கி ஒருவன் மண்டையில் அடிக்க ஆயுதமாக்கி, பிறகு கோழிக்குக் கீழே போட்டுவிட்டு, பலமாம்.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் சாய்ப்புக் கொட்டகையில் வைத்து வேலையை ஆரம்பித்தாள். லேபில் போடும் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டாள். எச்சத்தைச் சுரண்டினாள், எலிப் பஞ்சை இடுக்கியால் இழுத்து எறிந்தாள். குவைத்தில் இருக்கும் கணவன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, அந்தச் சனியனைத் தூக்கித் தூரப் போடு, வரும்போது புதுசு கொண்டு வருகிறேன் என்றான். அவள் போனை உத்தரத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள்.

முறிந்த கழுத்தின் இரண்டு வாயிலும் பசை தடவிப் பொருத்தி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். சிதறிய ஓரத்தை மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பினாள். பிறகு உப்புத்தாள். வேலை முடிந்து வரும் ஒவ்வொரு சாயங்காலமும் தேய்த்தாள். கறுப்புப் பூச்சு போகப் போக, உள்ளே இளமஞ்சள் மரம் வரியோடிக் கிடந்தது. இத்தனை வருடம் இதை மூடி வைத்திருந்தோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மீண்டும் கறுப்பு அடிப்பதில்லை என்று தீர்மானித்தாள். நிரப்பிய ஓரம் மட்டும் கருத்து, தழும்பாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டாள்.

ஐப்பசி மழை அவளைப் பாடாய்ப் படுத்தியது. முதல் கை பூசிய வார்னிஷ் ஈரக்காற்றில் பால் போல வெளுத்துப் போனது, தேய்த்து எடுத்தாள். இரண்டாவது கை அடித்த அந்திக்கு ஈசல் கிளம்பியது. சாய்ப்பில் விளக்கை அணைக்க ஓடுவதற்குள் நூற்றுக்கணக்கில் விழுந்து ஒட்டிக்கொண்டு, சிறகுதிர்த்து நெளிந்தன. ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் கமிட்டி ஆட்களை நினைத்தபோது ஈசல் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

ஒயர்களை ஈயம் வைத்து ஒட்டி, புதுக் கம்பி மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் சொருகிப் பார்த்தாள். முதலில் கரகரத்தது. பிறகு பழைய குரல் வந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் அறிக்கை வாசித்தார்கள். சபை மேலிடத்திலிருந்து ஆள் வந்து சமரசம் பேசி, யேசுரத்தினத்துக்குச் செயலாளர், ஜெனித்துக்குப் பொருளாளர் என்று பங்கு பிரித்தாகிவிட்டது. 'தேர்தல் தினத்தன்று கூட்ட நெரிசலில் கிட்டார் ஒன்று தவறி விழுந்து சேதமடைந்தது. இதில் யாருக்கும் யார்மீதும் புகார் இல்லை.' சபையார் ஆமென் என்றார்கள். ஸ்டோர் ரூம் கோழி எச்சத்தை விட, உடைத்தவனை விட, இந்த ஆமென்தான் ரெஜிலாவுக்கு அதிக அசிங்கமாகப் பட்டது.

டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு தலைவர்களும் ஒரே காரில் அவள் வீட்டுக்கு வந்தார்கள். சாய்ப்பில் மேசைமேல் கிடந்த கிட்டாரைப் பார்த்து யேசுரத்தினம் கொள்ளாமே, நல்லாயிருக்கே என்று தலையாட்டினார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் இதை வாசிக்க வேண்டுமாம். கோயிலில் ஒவ்வொரு மின்விசிறியிலும் டியூப் லைட்டிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது அல்லவா, அது மாதிரி இதிலும் இருவர் பெயரையும் போட்டுவிட்டால் சபைக்கு ஒரு முன்மாதிரியாக இருக்குமாம். ஜெனித் ஸ்டிக்கரே அடித்துக் கொண்டு வந்திருந்தான். தங்க எழுத்தில் 'சமாதான நினைவு அன்பளிப்பு', கீழே இரண்டு பெயர்களும்.

"இந்த வடுவு மேல ஒட்டினா அதும் மறைஞ்சு போவும்" என்று ஜெனித் சொல்ல, அளவு பார்க்க ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பெருவிரல் விளிம்பைத் தாண்டி மரத்தில் படத் தழும்பின் மேல் வைத்து அழுத்தினார்கள். காலையில்தான் அந்த இடத்துக்கு இன்னொரு கை வார்னிஷ் அடித்திருந்தாள். காயவில்லை என்று அவள் சொல்வதற்குள் அழுத்திவிட்டார்கள்.

ரெஜிலா ஸ்டிக்கரை எடுத்து ஜெனித்தின் கையிலேயே கொடுத்தாள்.

"பேரு போடணும், அவ்வளவுதானே. இத உடச்சது யாருண்ணு ரெண்டுபேரும் சேந்து சொல்லுங்க. அந்தப் பேர நானே எழுதி வைக்கியேன்."

ஜெனித் யேசுரத்தினத்தைப் பார்த்தான். யேசுரத்தினம் காய்கிற ரப்பர் ஷீட்டைப் பார்த்தார். பழசைக் கிளறாதே மக்கா என்று முனகிவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே காருக்கு நடந்தார். ஜெனித்தும் பின்னாலேயே போனான்.

அவள் கிட்டாரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தழும்பின் இரு முனையிலும் இரண்டு பெருவிரல்கள், ரேகை பிசகாமல் பதிந்திருந்தன. உப்புத்தாளை எடுத்தவள், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கிட்டாரோடுதான் போய் நின்றாள். முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் செயலாளரும் பொருளாளரும். ஆராதனை முடிந்து பெண்கள் வந்து சூழ்ந்து, இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு இந்த இடத்தில் இதென்ன இரண்டு கறை என்று கேட்டார்கள்.

"உடச்சதுக்கு வச்ச கைநாட்டு" என்றாள் ரெஜிலா, எல்லாருக்கும் கேட்கும்படி.