நீலம் போகாத ஆறு நாப்கின்கள்

மேடம் எந்தத் துணியையும் முதலில் குப்புறப் போட்டுத்தான் பார்ப்பார்கள். மேலே எத்தனை பூ இருந்தாலும் சரி, அடியில் ஒரு முடிச்சு தெரிந்தால் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். டெல்லி லோதி ரோடு அரசாங்க வீட்டில் அவர்கள் சாப்பிடுகிற மேசைதான் அப்போது பூத்தையல் கம்பெனி. பாத்திரம் தேய்க்கப் போன என்னை, தைத்த துணியைத் துவைத்து இஸ்திரி போட வைத்தார்கள். பூ வரைந்தவர் மாஸ்டர்ஜி, பரேலிக்காரர். காகிதத்தில் ஊசியால் பூவைக் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்ப்பார். துணியில் புள்ளி புள்ளியாகப் பூ இறங்கும். அதன்மேல் பெண்கள் தைப்பார்கள். பிறகு துவைத்தால் நீலம் போய்விடும். துவைக்குமுன் சூடு பட்டால் போகவே போகாது.

ஒரு பெரிய விருந்துக்கு, சாப்பிடும்போது கை துடைக்கிற நாப்கின் அனுப்ப வேண்டிய அன்று, துவைக்காத குவியலிலிருந்து ஆறை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டேன். எப்படிக் கசக்கியும் நீலம் போகவில்லை. பொடியில்தான் கோளாறு என்று மேடம் மாஸ்டர்ஜியைக் கேட்டார்கள். அவர் துணியை முகர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. வேலை போய்விடும் என்ற பயமும்தான். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று மேடம் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு, ஊசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் காகிதங்களை வைத்துத்தான் கம்பெனி வளர்ந்தது. வெளிநாட்டுக்கெல்லாம் மேசைவிரிப்பு போனது. மேடம் காலமாகிவிட்டார்கள். போன வருஷம் அவர்கள் பேத்தி, கம்பெனி வரலாறு எழுதுகிறேன் என்று மயூர் விஹாருக்கு என்னைத் தேடி வந்தாள்.

"ஆன்ட்டி, முதல் டிசைன்லாம் பாட்டி போட்டதுதானே? ஆமான்னு சொன்னா போதும், ஜல்தி முடிச்சிடலாம்."

இல்லை, மாஸ்டர்ஜி போட்டது என்றேன். நாப்கின் விஷயத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நான் சொல்லவே இல்ல."

"எழுதினா உங்க பேரும் வரும் ஆன்ட்டி."

"வரட்டும். இஸ்திரி போட்டது நாந்தான்னு எழுதிக்க."

அவள் எழுதிக்கொண்டாள். அப்புறம் அவர் பேர் என்ன என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். மேடம் முதல் தைக்கிற பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்ஜிதான். ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

புத்தகம் இங்கிலீஷில் வந்திருக்கிறது. மகன் படித்துச் சொன்னான். என் பேர் முழுசாக இருக்கிறதாம். அவருக்கு மாஸ்டர்ஜி என்று மட்டும் போட்டிருக்கிறார்களாம்.