சரக்கில்லாமல் வந்த கப்பல்கள்

கப்பலின் டன் என்றால் அது ஏற்றிவந்த சரக்கின் எடை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். படித்தவர்களும் அப்படித்தான். திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்துவிட்டது. அந்தக் காலத்துத் துறைமுகக் கணக்கில் டன் என்பது கப்பலின் வயிறு எவ்வளவு கொள்ளும் என்கிற அளவு. நூறு கன அடி இடம் இருந்தால் ஒரு டன். அந்த இடத்தில் மூட்டை இருந்தாலும் ஒரு டன்தான், காற்று இருந்தாலும் ஒரு டன்தான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூட வரலாற்று வாத்தியார். வெள்ளைக்காரன் காலத்தில் கடலூர்த் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்னதும் தெருவே சிரித்தது. "சாருக்குக் கப்பல் பாக்கணுமாமே, கல்வராயன்மல மேல ஏறி நின்னா தெரியும்னு சொல்லுங்க" என்றார் டீக்கடைக்காரர். எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை இந்த மண்ணில்தான் விளைந்தது. மாட்டுவண்டியிலும் ரயிலிலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய், அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேறியது. கடலே இல்லாத ஊருக்கும் கப்பலில் பங்கு உண்டு என்று அவரிடம் அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

கடலூரில் கப்பல் கரைக்கு வராது. ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் போய்த்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். அலை மிஞ்சினால் படகு போகாது. கப்பல் கண்ணுக்கு எதிரே நின்றுகொண்டிருக்கும், கரையில் இருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இதையெல்லாம் பழைய அறிக்கைகளில் படித்து எடுத்துக்கொண்டு வருவேன். அவசரத்தில் கிறுக்கியவற்றை வீட்டில் உட்கார்ந்து அட்டவணையாகத் திருத்தி எழுதுவேன்.

என் மனைவி எதிரே உட்கார்ந்து அதைப் படித்துச் சொல்வாள். அவள் மணலூர்பேட்டைக்காரி. அவர்கள் வீட்டில் கரும்பும் மல்லாட்டையும் போடுவார்கள், அங்கிருந்து வந்த மூட்டை எங்கள் அறையின் மூலையில் எப்போதும் இருக்கும். நான் வரி தவறிவிடாமல் இருக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மடியில் முறத்தை வைத்துக்கொள்வாள். சரக்கோடு வந்த கப்பலைப் படித்தால் ஒரு முழு மல்லாட்டையைப் போடுவாள். காலியாக வந்த கப்பல் என்றால் பருப்பில்லாத பொக்கு ஒன்றைப் போடுவாள். பக்கம் முடிந்ததும் முறத்தையும் என் அட்டவணையையும் ஒத்துப்பார்ப்போம்.

அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். எந்த நேரமும் பசி.

"இன்னிக்கு ரெண்டு கப்பல் கம்மியா இருக்கே?" என்பேன்.

"பசிச்சுது. சாப்ட்டுட்டேன்" என்பாள், கொஞ்சமும் கூச்சம் இல்லாமல்.

முழு மல்லாட்டை ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. பொக்கு மட்டும் ஒன்றுகூடத் தவறாது. அதைத் தின்ன முடியாதல்லவா.

ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். "இன்னாங்க, இந்தக் கப்பல்ல ஒண்ணுமே இல்லியே. வெறும் மண்ண ஏத்திக்கினு வந்திருக்கு. இதுக்குப் போயி இவ்ளோ பெரிய நம்பர் போட்டு வெச்சிருக்கான்?"

"காலியா வந்தா கப்பல் கவுந்துடும். அதனால அடியில மணலோ கல்லோ போட்டுக்கினு வருவான். சரக்கு இல்லன்னாலும் கப்பல் வந்துது இல்ல? நங்கூரம் போட்டுட்டா எழுதித்தான் ஆவணும்."

"ஒண்ணுமே எறக்காம போனாக்கூடவா?"

"எறக்காம போனாக்கூட."

அவள் ஒரு பொக்கை எடுத்து முறத்தில் போட்டாள். "நல்ல சட்டமாத்தான் இருக்குது" என்றாள்.

வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தலைப்பிரசவம் அங்கேதான், அதில் பேச்சே கிடையாது. நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கடலூரில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் மிச்ச அறிக்கைகளைப் பார்த்து முடித்துவிட்டு மணலூர்பேட்டைக்குப் போய்விடலாம் என்று எண்ணம். அவளும் அதைத்தான் சொன்னாள். புள்ள பொறந்துட்டா அப்பறம் கப்பலாவது ஒண்ணாவது, இப்பவே முடிச்சிக்கினு வந்துடுங்க என்றாள்.

எண்பதுகளின் அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் முழுக்க இடஒதுக்கீட்டுப் போராட்டம். நான் கடலூரில் இருந்தபோது சாலை மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்பதாகச் சொன்னார்கள். மரத்தை நகர்த்தப் போலீஸ் வருவதும், வேறு இடத்தில் வேறு மரம் விழுவதுமாக இருந்தது. அவர்கள் கேட்டது படிப்பும் வேலையும். என் சொந்தக்காரர்களே அதில் இருந்தார்கள். கேட்டது நியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் விழுந்து கிடக்கிற புளியமரத்தைப் பார்த்தால் இன்றைக்கும் தாண்டமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் போவேன். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இதில் ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்று யாராவது சொல்ல வந்தால் சண்டைக்குப் போவேன்.

விடுதிக்குத் திருக்கோவிலூரிலிருந்து டிரங்கால் வந்தது. மாமனாருக்குத் தெரிந்த கடைக்காரர் பேசினார். வலி கண்டுவிட்டது, நாள் தள்ளி வரவேண்டியது முன்னாலேயே வந்துவிட்டது, எப்படியாவது புறப்பட்டு வாருங்கள் என்றார். அதற்குமேல் காதில் விழவில்லை, இரைச்சல்தான் கேட்டது. வாசலுக்கு ஓடி வந்தேன். எதிரே பஸ் நிலையத்தில் நாய்கள் படுத்திருந்தன.

"ரோட்டுல போவாதீங்க சார்" என்றார் விடுதிக்காரர். "அவங்களும் நிறுத்துவாங்க, போலீசும் நிறுத்தும். ஆத்தப் புடிச்சிக்கினு போங்க. நேரா உங்க ஊட்டுக்காரம்மா ஊருக்கே கொண்டுபோயி வுட்டுடும்."

மணலூர்பேட்டை வழியாக வருகிற பெண்ணையாறுதான் கடலூரில் வந்து கடலில் சேர்கிறது. மணலில் கால் புதையப் புதைய அந்த ஆற்றை எதிர்த்து நடந்தேன். ஓரிடத்தில் ஒருவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். இன்னோர் இடத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் கூழ் கொடுத்தார்கள். இருட்டியதும் ஒரு மோட்டார் கொட்டகையில் படுத்துவிட்டு, விடிந்ததும் மறுபடி நடந்தேன். கையில் கப்பல் கணக்குக் காகிதங்கள் மட்டும்தான் இருந்தன. பிள்ளைக்கென்று எதுவும் வாங்கவில்லை. பிறப்பதற்கு முன்னால் வாங்கினால் ஆகாது என்பார்கள். நடக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன். இந்நேரம் பிறந்திருக்கும் என்று நினைத்தேன். ஆணாக இருந்தால் ஒரு பெயர், பெண்ணாக இருந்தால் ஒரு பெயர் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பொழுது சாயும்போது மணலூர்பேட்டை தெரிந்தது. கரையேறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மண்மேடு இருந்தது. மண் இன்னும் காயவில்லை. நாய் தோண்டாமல் இருக்கக் கருவேல முள்ளைப் பரப்பி, அதன் மேல் கல் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் பச்சைக்குழந்தையை எரிக்க மாட்டார்கள், ஆற்றோரத்தில் புதைத்துவிடுவார்கள். பாவம், யார் பெற்றதோ என்று நினைத்தேன். அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெறப்போகிறவளையோ பெற்றவளையோ பார்க்கப் போகிறவன் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் போகலாமா. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். ஆற்றில் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் உட்கார்ந்து தலை முழுகினேன். வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு, இந்தத் தீட்டு என் பிள்ளையை அண்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கரையேறினேன்.

மாமனார் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். வாங்க மாப்ள என்றார், எழுந்திருக்கவில்லை. என் ஈரத்தலையைப் பார்த்தார்.

"ஆத்தோரமா வந்தீங்களா?"

"ஆமாங்க மாமா."

"தல முழுவிட்டுத்தான் வந்துருக்கீங்க. அப்பத் தெரிஞ்சிருக்கும்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார். குழந்தை குறுக்கே இருந்திருக்கிறது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். வழியெல்லாம் மரம். மறியலில் இருந்தவர்களே ஓடிவந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, அவளோடு சேர்த்து வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கியிருக்கிறார்கள். அடுத்த மரத்திலும் அப்படியே. ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிகிற தூரத்தில் வண்டியிலேயே பிறந்துவிட்டது.

"பொட்டப்புள்ள மாப்ள. மூச்சு இருந்துது. செத்த நேரம் இருந்துது. உங்க ஜாடதான்."

அவளை ஆஸ்பத்திரியில் பார்த்து, பிழைக்கவைத்து, மறுநாள் காலையில் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். குழந்தையையும் அதே வண்டியில். நான் வரும்வரை வைத்திருக்கச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள். பச்சைக்குழந்தையை அப்படி வைத்திருக்கக்கூடாது என்று பெரியவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். எப்போது என்று கேட்டேன். இன்னிக்கு மத்தியானம் என்றார். மத்தியானம் நான் எந்த ஊர்க் கரையில் நடந்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன், அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

உள்ளே அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் திரும்பி என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் காய்ந்திருக்கவில்லை.

"பாத்துட்டுதான் வரீங்களா?"

"பாத்தேன்" என்றேன். பொய் இல்லை, பார்த்தேன்தான். என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த முள்ளும் கல்லும்தான். அந்த மகளிடமிருந்து தப்பிக்கத்தான் தலை முழுகிவிட்டு வந்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. வடிந்த பிறகு மாமனாரும் நானும் போய்த் தேடினோம். மேடு இல்லை, கல் இல்லை, முள் இல்லை. வெறும் மணல். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்திருந்த அவளிடம் அதைச் சொன்னபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, போய் இறக்கிவைத்தாள்.

ஆராய்ச்சி பாதியில் நின்றது. மாதங்கள் கழித்து, எழுதிய வரைக்கும் கொண்டுபோய் என் வழிகாட்டியிடம் காட்டினேன். அட்டவணையைப் பார்த்தவர், சரக்கே இல்லாமல் வந்த கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு வியாபாரம் வளர்ந்தது என்று எப்படிச் சொல்வீர்கள், அவற்றை எடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான்தான் காகிதங்களை வாரிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, வழியில் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

வீட்டில் காகிதங்களை விரித்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னா ஆச்சு என்று கேட்டாள்.

"காலிக் கப்பலெல்லாம் கணக்குலேர்ந்து எடுக்கணுமாம்."

விரித்திருந்த காகிதத்தில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"எங்க ஊரு ஆறு கடலூர்லதான கடல்ல சேருது?"

"ஆமா."

"அப்ப அந்தப் புள்ள அங்க வந்து சேந்திருக்கும்" என்றாள். பிறகு, "எடுக்காதீங்க. நீங்கதான சொன்னீங்க, வந்தா எழுதித்தான் ஆவணும்னு" என்றாள்.

உள்ளே போய் முறத்தை எடுத்துவந்தாள். அதைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இந்தத் தடவை நான் படித்தேன், அவள் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கம் முடிந்ததும் எண்ணிப் பார்த்தோம். முழு மல்லாட்டை அத்தனையும் சரியாக இருந்தது. ஒன்றைக்கூட அவள் தின்றிருக்கவில்லை. பொக்கு மட்டும் என் அட்டவணையைவிட ஒன்று அதிகமாக இருந்தது.

"சரியா இருக்குதா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்குது" என்றேன்.